காதல் கதை விளையாட்டுகளில் ஜப்பானிய மொழி: பொழுதுபோக்கு வகுப்பறையாவது எப்படி?

ஜப்பானுக்கு வெளியே, பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தனியார் நிலையங்களிலும் சேர்ந்து ஜப்பானிய மொழியைக் கற்போரின் தொகை, ஜப்பான் அறக்கட்டளை 2021ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, சுமார் 38 இலட்சம். எந்த நிறுவனத்திலும் சேராமல், தமது அறையில் கணினியின் முன் அமர்ந்து அம்மொழியைத் தாமாகவே கற்பவர்கள் இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் தமது பாடநூலாகக் கொண்டிருப்பவை காதல் கதைகளைச் சொல்லும் கணினி விளையாட்டுகள்.

கேட்பதற்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், படிக்கிறேன் என்ற பெயரில் விளையாடுகிறான் என்றே சொல்வார்கள். ஆனால் இந்த வழியில் தொடங்கியவர்களில் சிலர் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் மிக உயர்ந்த படியான முதல் நிலையில் தேறியிருக்கிறார்கள். வேறு சிலர் மொழிபெயர்ப்பாளர்களாகவும் பணியாற்றுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை, தனது அதிகாரிகள் ஜப்பானிய மொழியில் பணித்திறன் பெறுவதற்கு 2,200 வகுப்பு மணிநேரம் தேவை என்று கணக்கிடுகிறது. ஆங்கிலம் பேசுவோர் கற்பதற்கு மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் அதனை வைத்திருக்கிறது. அத்தகைய மொழியை ஒரு பொழுதுபோக்கு எந்த அளவுக்குக் கற்பிக்க முடியும், எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பது ஆராயத்தக்க கேள்வி.

விளையாட்டு என்ற பெயரில் ஒரு புத்தகம்

இவ்வகை விளையாட்டுகளில் ஓடுவதும் சுடுவதும் இல்லை. திரையில் பள்ளிக்கூடத்தின் நடைக்கூடமோ இரயில் நிலையமோ ஓர் ஓவியமாகத் தெரியும். அதன் முன்னே கதைமாந்தர் ஒருவரின் உருவம் நிற்கும். கீழே ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று வரிகள் எழுத்தில் தோன்றும். அவற்றைப் பின்னணிக் குரல் ஒன்று பேசிக் காட்டும். விசையை அழுத்தினால் அடுத்த வரி வரும். நீண்ட இடைவெளிகளில், அவளைப் பின்தொடர்ந்து போவதா அல்லது வகுப்புக்குத் திரும்புவதா என்பதுபோல ஒரு தெரிவு முன்வைக்கப்படும். விளையாடுபவர் செய்யும் தெரிவுகளைப் பொறுத்துக் கதை வெவ்வேறு கிளைகளில் சென்று வெவ்வேறு முடிவுகளை அடையும். இதற்குக் காட்சி நாவல் என்று பெயர். உண்மையில், கதைப் புத்தகத்துக்கும் வானொலி நாடகத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு வடிவம் இது.

இதன் வேர்கள் 1983ஆம் ஆண்டில் யூஜி ஹோரி உருவாக்கிய போர்ட்டோப்பியா என்ற துப்பறியும் விளையாட்டு வரை செல்கின்றன. காட்சி நாவல் என்ற பெயரை 1996இல் லீஃப் நிறுவனம் தனது ஷிஸுகு என்ற படைப்பிலிருந்து வழக்குக்குக் கொண்டுவந்தது. காதலை மையமாகக் கொண்ட விளையாட்டுகளைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சென்றது 1994இல் கொனாமி வெளியிட்ட தொக்கிமெக்கி மெமோரியல். உயர்நிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளைக் கடந்து, பட்டமளிப்பு நாளன்று ஒரு பழைய மரத்தடியில் காதலைத் தெரிவிக்கும் கதை அது. அதே ஆண்டில் கோயெய் நிறுவனத்தில் பெண்களைக் கொண்ட குழுவொன்று பெண்களுக்கென அஞ்செலிக் என்ற விளையாட்டை உருவாக்கியது. ஓதொமே விளையாட்டு என இன்று அழைக்கப்படும் தனித்துறைக்கு அதுவே தொடக்கம். பின்னர் கீ நிறுவனத்தின் கானோன் 1999லும், கிளனாட் 2004லும் வந்தன. இவற்றில் கண்ணீர் காதலைவிட மிகுதி. அதே 2004இல் டைப்-மூன் குழுவினரின் ஃபேட் ஸ்டே நைட் வெளியானது.

இவற்றை அயல்நாட்டவர் மூலமொழியிலேயே படிக்கத் துணிந்ததற்கான காரணம் மிக எளியது. மொழிபெயர்ப்பு வரவில்லை. கிளனாட்டின் அதிகாரபூர்வமான ஆங்கிலப் பதிப்பு வெளியாக 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபேட் ஸ்டே நைட் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வந்தது 2024ஆம் ஆண்டில், அதாவது சரியாக 20 ஆண்டுகள் கழித்து. இடையில் இரசிகர்களே செய்த மொழிபெயர்ப்புகள் உலவின என்பது உண்மை. ஆனால் அந்த மொழிபெயர்ப்புகளைச் செய்வதற்கும் யாராவது ஒருவர் முதலில் ஜப்பானிய மொழியைக் கற்க வேண்டியிருந்தது.

காத்திருக்கும் வாக்கியம்

மொழி கற்பதற்குத் திரைப்படம் பார், தொலைக்காட்சித் தொடர் பார் என்று அறிவுரை கூறுவது வழக்கம். ஆனால் திரைப்படம் யாருக்காகவும் நிற்பதில்லை. புரியாத வாக்கியம் புரியாமலேயே கடந்து போய்விடும். அச்சிட்ட நாவல் காத்திருக்கும், ஆனால் அதற்குக் குரல் இல்லை. ஜப்பானிய எழுத்தைப் பொறுத்தவரை குரல் இல்லாதது பெருங்குறை. ஹிராகானா, கதாகானா ஆகிய இரண்டு ஒலியெழுத்து வரிசைகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். சீனத்திலிருந்து பெற்ற கான்ஜி எழுத்துகளின் நிலை வேறு. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள் உள்ளன. உயிர், பிறப்பு என்ற பொருள்களைத் தரும் ஒரே எழுத்து, இடத்துக்கேற்ப ஸெய் என்றும் ஷோ என்றும் நாமா என்றும் ஒலிக்கும். வாழ்தல் என்ற வினையில் அதற்கு இ என்ற ஒலி, பிறத்தல் என்ற வினையில் உ என்ற ஒலி. எழுத்தைப் பார்த்து ஒலியை அறிய முடியாத மொழியில், எழுத்தும் குரலும் ஒரே நேரத்தில் கிடைப்பதும், வேண்டிய மட்டும் அதே வரியைத் திரும்பக் கேட்க முடிவதும் சிறிய வசதியல்ல.

காட்சி நாவலில் விளையாட்டு மிகக் குறைவு என்பதும் கற்பவருக்குச் சாதகமாகவே அமைகிறது. ஜொனதன் டீஹான் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத் தக்கது. ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்கள் 80 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரை ஆங்கில இசை விளையாட்டொன்றை ஆடவும் மற்றவரை அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் செய்தார்கள். ஆடியவர்களைவிட, சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களே அதிக ஆங்கிலச் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். விசைகளை நேரத்துக்கு அழுத்துவதில் மனம் செலவாகிவிட்டால் சொற்களுக்கு மிச்சம் இருப்பதில்லை என்பதே அதன் விளக்கம். விளையாட்டு என்றாலே கல்விக்கு நல்லது என்று விளம்பரம் செய்வோர் இந்த முடிவை அதிகம் எடுத்துரைப்பதில்லை. காட்சி நாவலில் கைக்கு வேலை ஒரே ஒரு விசை. மற்ற அனைத்தும் கண்ணுக்கும் காதுக்கும்தான்.

இம்முறை பரவுவதற்குத் தொழில்நுட்பமும் உதவியது. விளையாட்டு நிரல் திரைக்கு அனுப்பும் எழுத்தைக் கணினியின் நினைவகத்திலிருந்தே பிடித்து நகலெடுக்கும் சிறு மென்பொருள்களை இரசிகர்கள் 2000களிலேயே எழுதினார்கள். பிடித்த வரியை உலாவியில் ஒட்டி, சுட்டியைச் சொல்லின் மீது வைத்தால் பொருளும் ஒலியும் தோன்றும். இந்த அகராதிகள் பலவற்றுக்கு ஆதாரமாக இருப்பது, ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கி இலவசமாக வழங்கிய ஜப்பானிய-ஆங்கில மின்னகராதி. கற்ற சொல்லை மறக்கும் தறுவாயில் மீண்டும் கேட்டு நினைவூட்டும் அன்கி என்ற மென்பொருள் 2006இல் வந்தது. மனனம் செய்தல் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லே அதன் பெயர். அதை உருவாக்கியவரும் ஜப்பானிய மொழி மாணவர்தான்.

தொடக்கத்தில் இதுவெல்லாம் இலகுவாக நடக்கவில்லை. கணினியின் மொழி அமைப்பையே ஜப்பானியத்துக்கு மாற்றாவிட்டால் விளையாட்டு இயங்காது, அல்லது திரை முழுவதும் பொருளற்ற குறிகள் நிறையும். யூனிகோடுக்கு முன் தமிழ் இணையப் பக்கங்களைத் திறந்து, எழுத்துருவைத் தேடி அலைந்த நேயர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் முதல் விளையாட்டின் முதல் நூறு வரிகள் பெரும் சோதனையாகவே இருக்கும். நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் பங்கேற்ற ஆய்வுகள், துணையின்றி ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 வீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டின. அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். தொடக்க மாணவருக்கு மூன்றில் ஒன்று புதிதாக இருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது காதல் கதையின் குறுகிய உலகம். பள்ளி முடிந்த மாலைப்பொழுதைக் குறிக்கும் ஹோகாகோ, மொட்டைமாடியைக் குறிக்கும் ஒகுஜோ, இளமைக்கால அண்டை வீட்டுத் தோழியைக் குறிக்கும் ஒஸானானாஜிமி, புதிதாக வந்து சேரும் மாணவியைக் குறிக்கும் தென்கோஸெய் ஆகிய சொற்கள் விளையாட்டுக்கு விளையாட்டு திரும்பத் திரும்ப வருகின்றன. இலக்கிய விமர்சகர் இதைக் கற்பனை வறட்சி என்பார். மொழி மாணவருக்கோ இதுவே வரப்பிரசாதம். ஒரே துறையில், ஒரே எழுத்தாளரை நிறையப் படிப்பது சொல்வளத்தை விரைவில் தரும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, இங்கு வாக்கியத்தைப் புரிந்துகொள்வதில் ஓர் இலாப நட்டம் இருக்கிறது. பாடநூலில் தவறான விடையை எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். இங்கோ, மூன்று வாரங்களாகப் படித்துப் பழகிய கதைநாயகி சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு தெரிவு செய்தால் அவள் போய்விடுவாள். கதை அங்கேயே சோகமாக முடியும்.

தமிழர் காதுக்குப் பழகிய இடங்கள்

ஆங்கிலம் வழியாக ஜப்பானியத்தைக் கற்பவர் முதலில் தடுமாறும் இடங்கள் சிலவற்றில் தமிழ் பேசுபவருக்குத் தடையே இருப்பதில்லை. நான், நேற்று, பள்ளியில், அவளை, பார்த்தேன் என்ற சொற்களின் கீழே ஒவ்வொன்றாக வாதாஷி-வா, கினோ, கக்கோ-தே, கானோஜோ-ஓ, மிதா என்று எழுதிவிட்டால் அது சரியான ஜப்பானிய வாக்கியம். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். இந்த ஒற்றுமையைக் கண்டே ஜப்பானிய அறிஞர் ஸுஸுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று 1980களில் வலியுறுத்தினார். ஈழத்துத் தமிழறிஞர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அந்த ஆய்வில் அவருடன் ஒத்துழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. சொற்பிறப்பில் உறவு இல்லையென்றாலும் வாக்கிய அமைப்பில் உள்ள நெருக்கம் கற்பவருக்குப் பயன்படவே செய்கிறது.

காதல் கதைகளில் அடிக்கடி வரும் ஸுகி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில அகராதி இதை விரும்புதல், காதலித்தல் என்று வினைபோலப் பெயர்க்கிறது. அதனால் அம்மாணவர்கள் யார் எழுவாய், எது செயப்படுபொருள் என்று குழம்புகிறார்கள். தமிழில் எனக்குப் பிடிக்கும் என்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே இயல்புடையது ஸுகி. யாருக்கு, யாரை என்று சொல்லாமல் விட்டுவிட்டு, பிடிக்கும் என்று மட்டும் ஒருத்தி தலைகுனிந்து சொன்னால் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. இந்தக் கதைகளின் உச்சக்கட்டம் பெரும்பாலும் இந்த ஒற்றைச் சொல்தான். அகராதியில் காதலிக்கிறேன் என்பதற்கு நேராக இருக்கும் ஐஷிதேரு என்ற சொல்லை ஜப்பானியர் நடைமுறையில் மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள்.

இதயம் அடித்துக்கொள்வது தொக்கி தொக்கி. நட்சத்திரம் மின்னுவது கிரா கிரா. இடி முழங்குவது கொரோ கொரோ. ஐரோப்பிய மாணவர்கள் குழந்தைப் பேச்சு என்று முதலில் ஒதுக்கும் இச்சொற்கள் ஜப்பானியத்தில் பெரியவர்களின் பேச்சிலும் எழுத்திலும் நிறைந்திருக்கின்றன. படபட, மினுமினு, கடகட என்று இரட்டைக்கிளவிக்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்த நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

எல்லாவற்றையும்விட நுட்பமானது விளிக்கும் முறை. பெயருக்குப் பின் ஸான் சேர்த்தால் பொது மரியாதை, ஸாமா உயர் மரியாதை, குன் பெரும்பாலும் இளைஞருக்கு, ச்சான் செல்லத்துக்கு. மேல் வகுப்பு மாணவர் ஸென்பாய். குடும்பப் பெயரோடு ஸான் சேர்த்து ஒருவனை இருபது மணிநேரம் அழைத்து வந்த பெண், ஒரு மழைநாளில் எந்த ஒட்டும் இல்லாமல் அவனது சொந்தப் பெயரை மட்டும் சொல்கிறாள். கதை திரும்புமிடம் அதுவே. ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. முன்னும் பின்னும் அதே பெயர்தான் இருக்கும். நீங்கள் என்பது நீ ஆகும் நொடியின் எடை தமிழ் வாசகருக்குத் தெரியும். பாடநூலின் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கும் இந்த விதி, கதையில் அனுபவமாக மாறுகிறது. இவ்வழிக் கல்வியின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

யாரும் பேசாத மொழி

அதே கதைகள் கற்பவரைத் தவறான திசையிலும் கொண்டு செல்லும். கற்பனைக் கதைகளில் கிழவர் தம்மை வாஷி என்பார், வாக்கியத்தை ஜா என்று முடிப்பார். செல்வர் வீட்டுப் பெண் தேஸுவா என்று முடிப்பாள். முரட்டு இளைஞன் தன்னை ஓரே என்பான். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஸதோஷி கின்ஸுய் இவ்வகைப் பேச்சுக்கு யாகுவாரிகோ, அதாவது பாத்திர மொழி என்று பெயரிட்டு, 2003இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஜப்பானியச் சிறுவர்கள் அனைவரும் இதைப் புரிந்துகொள்வார்கள், ஆனால் இன்றைய டோக்கியோ வீதியில் அநேகமாக யாரும் இப்படிப் பேசுவதில்லை என்பதே அவர் காட்டிய விந்தை. சரித்திரப் படங்களை மட்டும் பார்த்துத் தமிழ் கற்ற ஒருவர் சென்னைப் பேருந்தில் நடத்துநரிடம், தாங்கள் எமக்கு ஒரு பயணச்சீட்டு அருள வேண்டும் என்று கேட்பதை நினைத்துப் பார்க்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்கள் விளையாடும் கதைகளில் அதிகம் பேசுவோர் பெண் பாத்திரங்கள். அவர்களைக் கேட்டே கற்ற ஆண் மாணவர் பெண்களுக்குரிய வாக்கிய முடிவுகளைத் தம்மையறியாமல் எடுத்துக்கொள்கிறார். ஓதொமே விளையாட்டுகளில் கற்கும் பெண்களுக்கு நேர்மாறான ஆபத்து. 2008இல் வந்த ஹாக்குவோகி போன்றவை 1860களின் வாள்வீரர்களைப் பற்றியவை என்பதால் வழக்கொழிந்த சொற்களும் சேர்ந்துவிடும்.

பேச்சு என்பது இம்முறையில் அறவே இல்லை. விளையாடுபவர் வாயைத் திறப்பதில்லை. 1984 முதல் நடைபெறும் ஜப்பானிய மொழித்திறன் தேர்விலும் பேச்சுத் தேர்வு இல்லை; 2010இல் ஐந்து நிலைகளாக மாற்றியமைத்தபோதும் அது சேர்க்கப்படவில்லை. விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்வதே முறை. ஆகவே முதல் நிலைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் மருத்துவரிடம் நேரம் கேட்கத் திணறும் ஒருவர் இருப்பது முரண்பாடு ஆகாது.

உள்ளடக்கம் குறித்தும் மௌனம் காப்பது நேர்மையாகாது. இத்துறையின் கணிசமான பகுதி வயது வந்தோருக்கென்றே விற்கப்பட்டது. 1992இல் தொழில்துறையினர் தாமே ஓர் ஒழுங்கு அமைப்பை நிறுவி வயது முத்திரையிடத் தொடங்கினார்கள். கானோன், ஃபேட் ஸ்டே நைட் போன்றவை அந்த முத்திரையுடன் வந்து, பின்னர் அனைவருக்குமான பதிப்புகளாகத் திருத்தப்பட்டன. கிளனாட் தொடக்கத்திலிருந்தே அனைவருக்குமானது. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் பள்ளி மாணவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்க முடியாது. முத்திரை இல்லாதவற்றிலும்கூட, நாயகனுக்காகவே காத்திருக்கும் பெண்கள் என்ற வார்ப்பு மொழியோடு சேர்ந்தே உள்ளே போகிறது.

நேரம் உள்ளவர்களின் வழி

இன்று ஜப்பானிய மொழியை அவசரமாகக் கற்கும் தெற்காசியர்கள் வேறு வகையினர். முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், வேளாண்மை போன்ற துறைகளுக்கு அயல்நாட்டுத் தொழிலாளரை அனுமதிக்கும் குறித்த திறன் விசாவை ஜப்பான் 2019இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் இலங்கையுடனும், 2021இல் இந்தியாவுடனும் இதற்கான உடன்பாடுகள் ஏற்பட்டன. நான்காம் நிலை அளவுக்கு மொழி அறிந்திருப்பது பொதுவான நிபந்தனை. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திச் சில மாதங்களில் தேற வேண்டியவரிடம் ஐம்பது மணிநேரக் காதல் கதையைப் படியுங்கள் என்று சொல்ல முடியாது. பராமரிப்பு இல்லத்தில் அவருக்குத் தேவைப்படும் சொற்கள் வலி, மூச்சு, கழிவறை. பள்ளி மொட்டைமாடியில் அவை கிடைப்பதில்லை.

புலம்பெயர்ந்து ஐரோப்பாவுக்கு வந்த எமது தலைமுறையும் வந்து சேர்ந்த நாட்டின் மொழியைக் குடிவரவு அலுவலகக் கடிதங்களிலும் உணவகச் சமையலறைகளிலும்தான் கற்றது. வேலைக்கு வேண்டிய மட்டும் கற்றோம், அதற்கு மேல் நேரமும் இல்லை, மனமும் இல்லை. நமது பிள்ளைகளோ கேலிச்சித்திரங்களும் கதைகளும் பார்த்து அதே மொழியில் நகைச்சுவை வரை எட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் திறமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அண்மைக் காலத்தில் இந்த முறைக்கு ஒரு போட்டி வந்திருக்கிறது. விளையாட்டிலிருந்து வரியைப் பிடிக்கும் அதே மென்பொருள், அதை அகராதிக்கு அனுப்புவதற்குப் பதிலாக நேரடியாக இயந்திர மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிடலாம். கதையை மட்டும் அறிய விரும்புவோருக்கு அது போதும். மொழியைக் கற்கத் தூண்டிய பழைய காரணம் பலருக்கு மறைந்தும் போகலாம். ஆனால் ஜப்பானியத்தில் எழுவாயைச் சொல்லாமல் விடுவதே இயல்பு. தமிழில் அப்படி விட்டாலும் வந்தேன், வந்தாள் என்று வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதியும் கிடையாது. வந்ததும் அழுததும் யார் என்பது முந்தைய காட்சியையும் ஒலிக்கும் குரலையும் அறிந்தவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு பெண்கள் ஒருவனைப் பற்றிப் பேசும் காட்சியில், வரியை மட்டும் பெறும் இயந்திரம் யார் யாரைக் காதலிக்கிறார் என்பதை அடிக்கடி மாற்றி எழுதிவிடுகிறது.